இருதயம் சுருங்குமா?

சென்ற கோடையில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி உலவிக்கொண்டிருந்தபோது, உடன் வந்த நண்பர் சட்டென்று நின்றுவிட்டார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்; எழுபதை நெருங்கும் வயது. மூச்சு வாங்கியதால் நின்றாரல்லர். "டாக்டர், நான் உண்ணும் ஸ்டாட்டின் மாத்திரை இருதயத்தைச் சிறிதாக்குகிறதாமே? அஞ்சி, நேற்றே நிறுத்திவிட்டேன்" என்றார்.

அவர் செவியுற்ற செய்தி முற்றும் பொய்யன்று. அதற்கு அவர் கொண்ட பொருள்தான் தவறு.

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். அடிவாரத்தைவிட இங்கே ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே வந்த புதிதில் இருதயம் விரைந்து துடிக்கிறது. நலமுள்ள இருதயம் இதைத் தாங்கும். ஆனால், பல்லாண்டு இரத்தக் கொதிப்பை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி, இடது கீழறையின் சுவர் தடித்துப்போயிருந்தால்? பயில்வானின் புயம் பருப்பது வலிமை; இருதயச் சுவர் இவ்வாறு தடிப்பதோ விறைப்பு. விறைத்த அறை எளிதில் தளர்ந்து இரத்தத்தை ஏற்பதில்லை.

1973இல் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ முதல் ஸ்டாட்டினைப் பெனிசிலியம் இனத்துப் பூசணம் ஒன்றிலிருந்து கண்டெடுத்தார். (மழைக்காலக் கொடைக்கானலில் பெட்டிக்குள் வைத்த தோல்செருப்பைப் பார்த்தவர்களுக்குப் பூசணத்தை நான் விளக்க வேண்டியதில்லை!) கல்லீரலில் கொலஸ்டிராலை உண்டாக்கும் நொதியை அது தடுக்கிறது, கல்லீரல் தன் தேவைக்கு இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது.

இருதயத்தின் அமைப்புக்கு இதனால் என்ன? 2017இல் பிரிட்டனில், இருதய நோய் அறியப்படாத 4,622 பேரின் இருதயங்களைக் காந்தக் கருவியால் படம்பிடித்து ஆராய்ந்தனர். வயது முதலிய வேறுபாடுகளைக் கணக்கிற்கொண்ட பின்னரும், ஸ்டாட்டின் உண்போரின் இடது கீழறைத் தசை 2.4 சதவீதம் குறைவாகவே இருந்தது. நண்பர் அஞ்சிய "சுருக்கம்" இதுவே. தடிப்புக் குறைவது கேடன்று, நன்மையின் அறிகுறி.

எனினும் மாணவர்கள் இங்கே அவசரப்படலாகாது. இரண்டு ஒருங்கே காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. மாத்திரை உண்போர் உடல்நலத்தில் கூடுதல் கவனமுடையவராகவும் இருக்கக்கூடும். மேலும், 2007இல் வெளிவந்த கொரோனா என்னும் சோதனையில், இருதயம் முன்பே தளர்ந்துவிட்ட 5,011 முதியோரை ஆராய்ந்தனர். ஸ்டாட்டினால் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது. இறப்போ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தளர்ந்த தசையை மீட்கும் மருந்தன்று அது.

இவ்வளவையும் கேட்ட நண்பர், அன்றிரவே மாத்திரையை மீண்டும் தொடங்கினார். மறுநாள் ஏரியைச் சுற்றுகையில் வழிநெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கிற்று.