வீடு கட்டுமுன்: யாரை முதலில் அமர்த்துவது?

சொந்த நிலத்தில் தமது விருப்பப்படி வீடு கட்ட எண்ணும் குடும்பங்கள் பெரும்பாலும் கட்டுநரையே முதலில் நாடுகின்றன. வரைபடம் இல்லாத நிலையில் அவர் கூறும் விலை வெறும் ஊகமே. எனவே வடிவமைப்பவரை முதலில் தெரிவு செய்வது நன்று. நியூ சவுத் வேல்ஸில் 'கட்டடக்கலைஞர்' என்ற பட்டம் பதிவுபெற்றவர்க்கே உரியது. ஏனைய வடிவமைப்பாளரும் வீட்டுக்கு வரைபடம் தயாரிக்கலாம். சரிவான நிலமாயினும் மூன்று தலைமுறையினர் வாழப்போகும் வீடாயினும் கட்டடக்கலைஞருக்குச் செலுத்தும் கட்டணம் வீண்செலவாகாது.

கட்டுநரைத் தெரிவு செய்ய உறவினரின் பரிந்துரை மட்டும் போதாது. 5,000 டொலருக்கு மேற்பட்ட வேலைக்கு உரிமம் கட்டாயம். உரிம எண்ணை மாநில அரசின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். உரிமத்திலும் ஒப்பந்தத்திலும் ஒரே பெயர் இருத்தல் வேண்டும். வேலை 20,000 டொலரைத் தாண்டினால், வீட்டுக் கட்டுமான இழப்பீட்டுக் காப்புறுதிச் சான்றிதழை வழங்குமுன் கட்டுநர் முற்பணம் கேட்கவே கூடாது. சான்றிதழ் கிடைத்த பின்னரும் முற்பணம் 10 சதவீதத்தை மீறலாகாது. வேலை பாதியில் நிற்க, கட்டுநரின் நிறுவனம் முறிந்துபோனால், இழப்பீடு கோர அக்காப்புறுதியே வழி. ரொக்கமாகத் தந்தால் விலை குறையும் என்பவரிடம் இச்சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம்.

கட்டுமானத்தைப் பரிசோதிக்கும் சான்றளிப்பாளரைத் தெரிவு செய்யும் உரிமை வீட்டு உரிமையாளருக்கே உண்டு; கட்டுநர் தமக்கு வேண்டியவரைத் திணிக்க இயலாது.

ஒப்பந்தத்தின் ஆங்கிலம் விளங்காவிடில், கையொப்பமிடுமுன் 131 450 என்ற எண்ணில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரி, மாநில அரசின் உரிய அலுவலகத்தில் விளக்கம் பெறலாம்.