தாம்பரத்து வாடகையும் முடங்கும் முதலும்

நம் விருத்தாசலம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்கு வேலைக்குப் போனால் தாம்பரம், குரோம்பேட்டை, ஊரப்பாக்கம் பக்கமே வீடு பார்க்கிறார்கள். ஊருக்கு வர ரயிலுக்குத் தாம்பரம், பஸ்ஸுக்கு 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம். நல்ல யோசனைதான். தகப்பனார்கள் கவனிக்க வேண்டியது அட்வான்ஸ் தொகையை.

பத்து மாத வாடகை முன்பணம் என்பது சென்னையின் பழைய வழக்கம். மாத வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடையிலிருந்து 1,20,000 ரூபாய் எடுத்துக் கொடுக்கிறோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டாலும் மாதம் 1,200. ஆக, உண்மையான வாடகை 13,200! கார்த்திகைக்கு அகல் விளக்கும் பீங்கான் பொம்மையும் கொள்முதல் செய்ய வேண்டிய முதல், வீட்டுக்காரர் கையில் முடங்கிக் கிடக்கிறது. (நம் ஊரில் கடை வாடகைக்கு விடுவோரும் இதில் சளைத்தவர்கள் அல்ல.)

22.2.2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். "வேறு விதமாக எழுதாவிட்டால்" என்பதில்தான் சூட்சுமம். புரோக்கர் நீட்டும் பத்திரத்தில் பத்து மாதம் என்றிருந்து பையன் கையெழுத்துப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் அதிலேயே எழுதியிருக்கும். ஆகவே பத்திரத்தை முதலில் ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாம் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்து, அப்புறம் வாடகை அதிகாரியிடம் பதிவு, கடைசியில் பணம்.