நிறைந்த டேங்க், பாதியில் நிற்கும் முள்: பழைய மஸ்டாங்கின் பெட்ரோல் கேஜ்

டேங்க்கை நிரப்பிய பிறகும் பெட்ரோல் கேஜின் முள் பாதியைத் தாண்டாதது ஏன் என்பதும், புதிய டேங்க் யூனிட் வாங்கினால் அது சரியாகுமா என்பதும், 1960களின் ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்போர் ஓயாமல் கேட்கும் கேள்விகள். டேங்க் யூனிட் என்பது மிதவை ஏறி இறங்குவதற்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் கருவி. டேங்க் நிறைந்திருக்கையில் அதன் தடை ஏறத்தாழ 10 ஓம், காலியாகையில் ஏறத்தாழ 73 ஓம். தடை கூடினால் முள் தாழும் என்னும் இந்த விதியை அறிந்தவர், யூனிட்டைப் பழிக்கும் முன் எர்த்தைச் சந்தேகிப்பார்.

எர்த் என்பது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாகும். 1964 ஏப்ரலில் அறிமுகமான மஸ்டாங்கில் டேங்க்கின் மேற்பரப்பே டிக்கியின் தரையாக அமைந்து, ஸ்குரூக்களால் பாடியுடன் இணைக்கப்பட்டிருப்பதால், யூனிட்டின் மின்சாரம் அந்த உலோகத் தொடர்பின் வழியாகவே திரும்ப வேண்டியிருக்கிறது. காரைப் புதுப்பிப்போர் டேங்க்குக்கும் பாடிக்கும் பெயின்ட் அடித்து, இடையில் புதிய சீலரும் வைத்து மூடும்போது, அழகு கூடும் அளவுக்குத் தொடர்பு கெடுகிறது. அங்கே சேரும் பத்துப் பதினைந்து ஓம் தடையே நிறைந்த டேங்க்கைக் குறைந்ததாகக் காட்டப் போதும். இந்நிலையில் புதிய யூனிட் மாட்டினாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும்.

டாஷ்போர்டிலும் எர்த்தே முதன்மையானது. பேட்டரியின் 12 வோல்ட் நேராகக் கேஜுக்குச் செல்வதில்லை. மீட்டர் தொகுதியின் பின்புறமுள்ள சிறு ரெகுலேட்டர் அதைச் சராசரி 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதற்குள் இரு உலோகங்கள் ஒட்டிய தகடு ஒன்று சூடேறி வளைந்து தொடர்பைத் துண்டிப்பதும், ஆறியதும் மீண்டும் தொடுவதுமாக மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்கிறது. தகட்டைச் சூடேற்றும் கம்பிச்சுருளுக்கு ரெகுலேட்டரின் உறையே எர்த் ஆதலால், அத்தொடர்பு அற்றால் தகடு சூடேறாது, தொடர்பு திறவாது, 12 வோல்ட் முழுவதும் கேஜுக்குள் பாய்ந்து முள் உச்சிக்கு ஏறி, கேஜே கருகக்கூடும். டேங்க் பக்கத்து எர்த் கெட்டால் முள் தாழ்கிறது. டாஷ்போர்டு பக்கத்து எர்த் கெட்டால் ஏறுகிறது. வெப்பநிலை கேஜும் இதே ரெகுலேட்டரை நம்பியிருப்பதால், இரண்டும் சேர்ந்து தவறினால் டேங்க்கைத் தொட வேண்டியதே இல்லை.

எல்லாக் கார்களும் ஒன்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் பிற்பகுதியில் தயாரித்த கார்களில் காலி டேங்க் 0 ஓம், நிறைந்த டேங்க் 90 ஓம். அங்கே எர்த் கெட்டால் காலியான டேங்க் நிறைந்ததாகத் தோன்றி, ஓட்டுநர் நடுவழியில் நிற்க நேரும். விலை குறைவென்று வேற்று நிறுவன யூனிட்டைப் பொருத்துவது தவறு என்பதற்கு இதுவே காரணம். இச்சிக்கல் எதுவும் இல்லாத காலமும் இருந்தது: ஃபோர்டின் மாடல் டி காரில் முன்னிருக்கையை எடுத்துவிட்டு டேங்க்குக்குள் குச்சியை விட்டு அளந்தார்கள், 1927 இறுதியில் வந்த மாடல் ஏ காரில் டேங்க் டாஷ்போர்டை ஒட்டியே இருந்ததால், மிதவையுடன் இணைந்த எண்சுருளைக் கண்ணாடி வழியே நேராகப் பார்க்க முடிந்தது. மின்சாரம் கலவாத அந்த ஏற்பாட்டின் எளிமை இன்றும் போற்றத்தக்கது.

மஸ்டாங்கின் கோளாறைக் கண்டறியும் சோதனை முறை சுருக்கமாக இதுதான். முதலில் டேங்க்கின் உலோகத்திலிருந்து பாடிக்குத் தற்காலிகமாக ஒரு கம்பி இணைத்து முள் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்தால் கோளாறு எர்த்தே, பெயின்ட்டைச் சுரண்டினால் போதும். நகராவிடில் யூனிட்டிலிருந்து கம்பியைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையில் 5 வாட் தாங்கும் 10 ஓம் ரெசிஸ்டரை இணைத்துச் சாவியைத் திருப்பினால், முள் மெதுவாக ஏறி முழு அளவில் நிற்க வேண்டும். இவ்வகைக் கேஜ் வெப்பத்தால் இயங்குவதால் ஒரு நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். நின்றால் கேஜும் ரெகுலேட்டரும் நலமே, குற்றம் யூனிட்டில். மிதவையைக் குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் அலம்பினால் அது ஓட்டையாகி மூழ்கியிருக்கிறது. முள் முழு அளவில் நிற்காவிடில் ரெகுலேட்டரின் உறை எர்த்தைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகே கேஜை மாற்ற எண்ணலாம். எந்நிலையிலும் கேஜுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கக் கூடாது. மஸ்டாங்கின் யூனிட் டேங்க்கின் பக்கச் சுவரில் இருப்பதால், கழற்றும் முன் பெட்ரோலை இறக்கிவிட வேண்டும். பேட்டரித் தொடர்பைத் துண்டித்து, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், தீப்பொறி எழ வழியே இல்லாதபோது மட்டும் டேங்க்கைத் திறக்குமாறு ஒவ்வொருவரும் வேண்டப்படுகின்றனர்.