தூசி சொல்லும் சரித்திரம்

கோடை விடுமுறை முடிந்து வகுப்பறைக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் செய்வது, மேசைமேல் படிந்த தூசியில் விரலால் பெயர் எழுதுவதுதான். பிறகு துணியெடுத்துத் துடைத்துவிடுவோம். ஆனால் ஒருவரும் துடைக்காத மேசை ஒன்று உலகில் உண்டு. அதுதான் கடலின் அடித்தளம்! அங்கே படிந்த தூசி, பழங்காலத் தட்பவெப்பத்தின் சரித்திரத்தையே நமக்குச் சொல்கிறது.

1832 ஜனவரியில் பீகிள் என்னும் கப்பல், ஆப்பிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வெர்டி தீவுகளை அடைந்தது. அதில் பயணம் செய்த இளைஞர் சார்லஸ் டார்வின், காற்றில் மிதந்துவந்த பழுப்புத் தூசியைச் சிறிது சேகரித்தார். அதை ஜெர்மானிய அறிஞர் ஏரன்பெர்க் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நன்னீரில் வாழும் நுண்ணுயிர்களின் கூடுகள் தென்பட்டன. பாலைவனக் காற்றிலே ஏரி உயிர்களா? ஆம். இன்றைய சகாராவில் வற்றிய ஏரிகளின் தரையிலிருந்தும் காற்று தூசியை வாரி எடுக்கிறது.

ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் சகாராத் தூசி காற்றில் பறக்கிறது. அதில் ஒரு பகுதி அட்லாண்டிக் கடலில் விழுந்து அடியில் தங்குகிறது. நிலம் காய்ந்திருந்தால் தூசி மிகுதி. மழை பெய்து புல் முளைத்தால் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தூசி குறையும். ஆகவே கடலடி வண்டலின் ஒவ்வோர் அடுக்கும் ஒரு நாட்குறிப்பின் பக்கம் எனலாம்.

1986இல் ஓர் ஆய்வுக் கப்பல், மௌரிட்டானியா நாட்டுக் கரைக்கு அப்பால், 2,200 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து உருளை உருளையாக வண்டலை வெளியே எடுத்தது. விஞ்ஞானிகள் கடல் உயிர்களின் ஓடுகளைக் கணக்கில் கழித்து, நிலத்திலிருந்து வந்த மண் எவ்வளவு என்று அளந்தனர். அந்த ஓடுகளிலுள்ள கதிரியக்கக் கார்பன் அடுக்குகளின் வயதைக் காட்டியது. பீட்டர் டிமெனோகல் குழுவினர் 2000இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 14,800 ஆண்டுகளுக்கு முன்பு தூசி குறைந்திருக்கிறது. 5,500 ஆண்டுகளுக்கு முன்பு, சில நூற்றாண்டுகளுக்குள் மீண்டும் பெருகியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் சகாரா பசுமையாக இருந்தது! அல்ஜீரியாவின் தசீலி மலைப் பாறைகளில் அக்கால மக்கள் தீட்டிய மாட்டு மந்தைகளை இன்றும் காணலாம்.

காரணம் என்ன? பூமியின் அச்சு பம்பரத்தைப் போல மெல்லத் தள்ளாடுகிறது. இன்று பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரியில். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்போ, வடபாதியின் கோடையில் நெருங்கியது. நிலம் அதிகம் சூடேறவே, பருவக்காற்று வலுத்து மழையை உள்நாட்டுக்குக் கொண்டுசென்றது. தள்ளாட்டம் மாறியதும் மழை பின்வாங்கியது, ஏரிகள் வற்றின, மந்தை மேய்த்தவர்கள் தண்ணீரைத் தேடி இடம்பெயர்ந்தனர்.

நம் கிணறுகளை நிரப்புவதும் பருவக்காற்றுதானே! அன்று மழையை மாற்றியது பூமியின் தள்ளாட்டம். இன்றோ, நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உலகைச் சூடாக்குகின்றன. நாம் வாழும் நாட்களும் கடலடியில் ஓர் அடுக்காகப் படிந்துகொண்டிருக்கின்றன. பின்வருவோர் அதில் எதைப் படிப்பார்கள்? தோழியரே, அடுத்த முறை மேசையைத் துடைக்கும்போது இதைச் சற்றுச் சிந்திப்போம்!