கடலில்லாத ஊரின் சிப்பி மாலை

பிரோசா என்று எமது ஊர்களில் பெண் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். அது ஒரு கல்லின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. வானத்து நீலத்தில் சற்றே பச்சை கலந்த அந்தக் கல்லுக்கு ஈரானின் நிஷாப்பூர் சுரங்கங்கள் பேர்போனவை. ஆங்கிலத்தில் டர்கொய்ஸ் என்பார்கள். இந்தக் கல்லையும் கடற்சிப்பியையும் மணியாக்கி மாலை கோர்க்கும் பூர்வீகக் குடிகள் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கே, நியூ மெக்சிகோவில் வாழ்கிறார்கள். கல்முனையில் சிப்பி மாலை செய்யும் பெண்களோடு வேலை செய்பவள் என்பதால், அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஸ்பானியர் இட்ட சாந்தோ டொமிங்கோ என்ற பெயரை விட்டு, 2009இல் ‘கேவா’ என்ற தமது பழைய பெயரையே மீண்டும் எடுத்துக்கொண்ட ஊர் அது. அங்கே கடல் கிடையாது. கல் பக்கத்துச் செரியோஸ் குன்றுகளில் கிடைத்தது. சிப்பியோ பல நூறு மைல் தாண்டி, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து பண்டமாற்றாக வந்தது. எமது கடற்கரையிலோ ஊரியும் மட்டியும் காலில் குத்துகின்றன!

சிப்பியைச் சிறு சதுரங்களாக உடைத்து, ஒவ்வொன்றிலும் துளையிட்டு, கம்பியில் நெருக்கிக் கோர்த்து, அப்படியே கல்லில் உருட்டித் தேய்க்கிறார்கள். மூலைகள் தேய்ந்து எல்லா மணியும் ஒரே அளவு வட்டமாகும். இந்த மணிக்கு ஹீஷி என்று பெயர். அவர்களுடைய மொழியில் சிப்பி என்றே பொருள். இன்று மின் இயந்திரத்திலும் தேய்க்கிறார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிப்பித் தூசு நெஞ்சுக்குக் கேடு. தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் முந்தானையால் மூடினால் போதாது, முகக்கவசம் வேண்டும்.

1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அந்த ஊரையும் விடவில்லை. கல் வாங்கக் காசில்லாதவர்கள் பழைய கார் பற்றறிப் பெட்டியின் கறுப்பு றப்பரையும், உடைந்த இசைத்தட்டையும், பிளாஸ்டிக் சீப்பையும் வெட்டி மாலை செய்தார்கள். நீலக்கல் சிறு சில்லாக மட்டும் இடையிலே பதிந்திருக்கும். வழிப்போக்கருக்கு அற்ப விலைக்கு விற்ற அந்த மாலைகளை இன்று அருங்காட்சியகங்கள் சேகரித்து வைத்திருக்கின்றன.

1970களில் இந்த நகைகளுக்கு மவுசு ஏறியது, போலிகளும் பெருகின. ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி விற்பது ஒரு வழி. மணியின் துளைக்குள் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை தெரியும். பூர்வீகக் குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவை பிடிபடும் தனிநபருக்கே 250,000 டொலர் வரை தண்டமும் 5 வருடம் வரை சிறையும் உண்டு. என்னை அதிகம் கவர்ந்தது சட்டமல்ல. சாண்டா ஃபே நகரின் பழைய ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில், பூர்வீகக் குடியினர் துணி விரித்து நகைகளை விற்கிறார்கள். தானோ தன் வீட்டாரோ செய்த பொருளை மட்டுமே அங்கே விற்கலாம். செய்தவரிடமே விலை கேட்கலாம்.

இங்கே நிலைமை வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு கைப்பணிப் பயிற்சிகளுக்குக் குறைவிருக்கவில்லை. பயிற்சி கொடுப்பது சுலபம், விற்றுக் கொடுக்கத்தான் ஆளில்லை. வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதே விலை. நூலுக்கும் கொக்கிக்கும் ஆன செலவைக் கணக்குப் பார்க்கும் பெண்கள், தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டால், சும்மா இருக்கிற நேரத்தில்தானே செய்கிறோம் என்பார்கள். சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, உம்மாவுக்கு மருந்து கொடுத்த பிறகு கிடைக்கிற நேரத்துக்கு ‘சும்மா’ என்று பெயர்!

எமது குழுவில் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கழுவிய நேரம், துளையிட்ட நேரம், கோர்த்த நேரம் எல்லாம் அதில் ஏறுகிறது. முதல் மாதம் கூட்டிப் பார்த்தபோது ஒரு மாலைக்கு ஏழு மணித்தியாலம் வந்தது. வழமையாகக் கிடைக்கும் விலையை அவர்களே ஏழால் வகுத்துப் பார்த்தார்கள். அடுத்த முறை வியாபாரி வந்தபோது, அந்தக் கொப்பி மேசையில் விரித்தபடியே இருந்தது.