எடை எங்கே, அகலம் அங்கே

ஸ்போர்ட்ஸ் கார்களில் இருப்பதுபோலப் பின் சக்கரங்களுக்கு மட்டும் அகலமான டயர் போட்டால் வளைவில் தன் கார் இன்னும் நன்றாகப் பிடிக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடையது இன்ஜினும் முன்னால், உந்துவதும் முன் சக்கரம் என்ற வகைச் சிறிய கார். அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் பிடிப்பு கூடும் என்று கடையில் சொன்னார்களாம். இந்த விளக்கம் உலகம் முழுக்க டயர் விற்கிறது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் சுவாரசியமான இயற்பியல் இருக்கிறது.

போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்வோம். அகலப் பின் டயரின் தேவை இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் கார் வேறில்லை. 2018இல் அறிமுகமான தலைமுறையின் அடிப்படை கரேரா சுமார் 1500 கிலோ. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின் சக்கரங்களின் மேல். ஒரு பின் டயருக்கு 450 கிலோ. உள்ளே அடைத்த காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 2.3 கிலோவைத் தாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 450 கிலோவைத் தாங்க சுமார் 195 சதுர சென்டிமீட்டர் தரையில் பட வேண்டும். இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை. தரையில் 12 சென்டிமீட்டர் அகலம் படும் டயர் என்றால் தடத்தின் நீளம் 16 சென்டிமீட்டராக இருக்கும். 24 சென்டிமீட்டர் படும் டயர் என்றால் 8. தடம் குட்டையாகி அகலமாகிறது, அவ்வளவுதான். டயர்ச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு சற்று முன்னே பின்னே போகும். ஆனால் அகலத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பும் இரட்டிப்பாகும் என்பது நடக்காத காரியம்.

பரப்பு கூடினால்தான் என்ன? பள்ளியில் படித்த உராய்வு விதிப்படி அதற்கும் வேலையில்லை: உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இது ஏறத்தாழச் சரி. ரப்பர் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. கட்டுப்பட்டிருந்தால் அகல டயருக்கே அவசியம் வந்திருக்காது.

ஏன் கட்டுப்படுவதில்லை என்பதைப் பார்க்க, புதிதாகக் கொத்திய அம்மி ஒன்றின் மேல் பிசைந்த கோதுமை மாவு உருண்டையை வைத்து அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். லேசாக அழுத்தினால் மாவு கல்லின் மேடுகளை மட்டும் தொடும். உருண்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் எளிதாக நகரும். இரண்டு மடங்கு அழுத்தினால் மாவு குழிகளுக்குள் இறங்கும்; தள்ளுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினமாகும். இன்னும் இரண்டு மடங்கு? பெரிய குழிகள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. புதிதாகத் தொடுவதற்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அழுத்தம் இரட்டித்தாலும் பிடிப்பு இரட்டிக்காது. அதே மாவை அகலமாகத் தட்டிவிட்டு, அதே கைபலத்தை அந்த அகலம் முழுவதும் பரப்பி அழுத்தினால், இன்னும் நிரம்பாத குழிகள் நிறையக் கிடைக்கும், பிடிப்பு கூடும். அம்மி தேய்ந்து வழவழப்பானால் குழிகளே இல்லை. லாரிகள் ஓடி ஓடி மெருகேறிய பழைய சாலை அப்படித்தான். அம்மியில் தண்ணீர் நின்றால் மாவு கல்லைத் தொடாமல் வழுக்கும். மாவு வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக ஒட்டும். அதிகம் சூடானால் பிய்ந்துவிடும். பந்தய டயரும் அதேபோல் ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள்தான் முழுமையாக வேலை செய்யும். மாவுக்கும் ரப்பருக்கும் ஓர் இடத்தில் மட்டும் பாதை பிரிகிறது. குழியிலிருந்து எடுத்த மாவு அப்படியே கிடக்கும். ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பும், ஆனால் சற்றுத் தாமதமாக. அந்தத் தாமதத்தில் வீணாகும் ஆற்றலும் பிடிப்பாகச் சேர்கிறது. ரப்பரின் உராய்வு ஒட்டுதல், உருக்குலைவு என்ற இரண்டு வழிகளில் பிறக்கிறது என்பதை க்ரோஷ் என்ற ஆய்வாளர் 1963இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின.

ஆக, கடைக்காரர் சொல்லில் இருக்கும் அந்தப் பாதி உண்மை இதுதான். அகல டயருக்குள் காற்றின் கொள்ளளவு அதிகம். அதே எடையைக் குறைந்த அழுத்தத்திலேயே தாங்கும். அழுத்தம் குறைந்தால் தடம் சற்றுப் பெரிதாகும், ரப்பர் குழிகளை நிதானமாக நிரப்பும். உராய்வில் பிறக்கும் வெப்பமும் அதிக ரப்பருக்குப் பங்காகிப் போவதால், இன்னும் மென்மையான, நன்றாக ஒட்டும் ரப்பரைத் தயாரிப்பாளர் துணிந்து பயன்படுத்தலாம். விளம்பரத்தில் அகலத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் பெரும்பங்கு இந்த மென்மையான ரப்பருக்குச் சேர வேண்டியது. அகலம் குறைவான நல்ல டயர், அகலம் கூடிய மலிவான டயரைத் தோற்கடிப்பது இதனால்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். அழுத்தம் இரட்டித்தாலும் பிடிப்பு இரட்டிக்காது என்ற இந்தச் சின்ன விலகல்தான் ஒரு கார் வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையே தீர்மானிக்கிறது. பின் டயர்கள் இரண்டிலும் 450 கிலோ இருக்கையில் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் 472 கிலோ விசை தரும் என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 944. வளைவில் திரும்பும்போது எடை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குச் சாய்கிறது. உள் டயரில் 250, வெளி டயரில் 650. மொத்த எடை மாறவில்லை. ஆனால் 250 கிலோ சுமக்கும் டயர் 275 தருகிறது. 650 சுமக்கும் டயரோ ஏற்கெனவே குழிகளெல்லாம் நிரம்பிய நிலையில் 650தான் தருகிறது. கூட்டினால் 925. எதுவும் உடையவில்லை, எடையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. பிடிப்பில் 19 கிலோ காணாமல் போய்விட்டது. ஓர் அச்சின் மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ, எவ்வளவு எடை அங்கே ஒரு பக்கமாகச் சாய்கிறதோ, அந்த அளவுக்கு இந்த இழப்பு கூடும்.

நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு டயர் போட்ட, பின்பக்கம் கனமான கார் வேகமாக வளைந்தால் என்ன ஆகும் என்பது இப்போது புரியும். கனமான பின்பக்கத்தை வளைவுக்குள் இழுத்துப் பிடிக்க அதிக விசை தேவை. ஆனால் அங்கிருக்கும் டயர்கள்தான் தம் எடைக்கு ஏற்ற பிடிப்பைத் தர முடியாமல் திணறுகின்றன. முதலில் வழுக்குவது பின்பக்கம். ஓட்டுநர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் ஓடும். பின் டயர்களில் இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போய், வண்டி வாலை முன்னே வீசிச் சுழலும். முன்பக்கம் முதலில் வழுக்கினால் கார் வளைவை விட்டு நேராகப் போகப் பார்க்கும். அதுவும் ஆபத்துதான், ஆனால் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். முன் டயருக்கு முன்னதாகப் பின் டயர் தோற்றுவிடக் கூடாது. பின் டயரை அகலமாக்குவதன் முதல் நோக்கம் இதுவே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட போர்ஷே 911 காரின் தொடக்க கால வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் 165 மில்லிமீட்டர் டயர்தான், நான்கரை அங்குல ரிம்மில். வால் வீசும் குணத்தை அடக்க முன் பம்பருக்குள் கனமான உலோகக் கட்டிகளை ஒளித்து வைத்தார்கள். 1969 மாடலில் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். 1973 மாடலான கரேரா ஆர்.எஸ். 2.7 காரில்தான் முன்னால் 185, பின்னால் 215 என்று அளவைப் பிரித்தார்கள். இன்றைய அடிப்படை கரேராவில் அது 235, 295.

இரண்டாவது நோக்கமும் உண்டு. ஒரு டயரின் பிடிப்பு எந்தத் திசையில் செலவானாலும் மொத்த எல்லை ஒன்றே. பின் சக்கரங்கள் காரை முன்னே உந்தவும் வேண்டும், வளைவில் பக்கவாட்டில் பிடிக்கவும் வேண்டும். இரண்டும் செங்கோணத்தில் இருக்கும் விசைகள் என்பதால் பித்தாகரஸ் கணக்கு இங்கே பொருந்துகிறது. பிடிப்பில் 60 சதவீதத்தை உந்தலுக்குச் செலவிட்டாலும் வளைவுக்கு 80 சதவீதம் மிஞ்சும். 80 சதவீதத்தை உந்தலுக்குக் கொடுத்தால் மிஞ்சுவது 60. முழுவதையும் உந்தலுக்கே கொடுத்தால் வளைவுக்கு ஒன்றுமே இல்லை. வளைவிலிருந்து வெளியேறும்போதே முடுக்க விரும்பும் சக்திவாய்ந்த பின்சக்கரக் காருக்குப் பின்னால் அதிகப் பிடிப்பு வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது.

வாசகரின் காருக்கு இந்த இரண்டு காரணங்களில் ஒன்றும் இல்லை. எடை முன்னால் இருக்கிறது, உந்துவதும் முன் சக்கரம். ஏற்கெனவே முதலில் தோற்கப்போவது முன் டயர்கள்தான். பின்னால் அகலம் கூட்டினால் முன்பக்கம் இன்னும் பிடிவாதமாக நேரே போகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். கையில் இருக்கும் பணத்துக்கு, கார் நிறுவனம் சொன்ன அளவிலேயே நல்ல ரப்பர் உள்ள நான்கு டயர்களை வாங்குவது மேல்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே அகலப் பின் டயர் என்பதும் சரியல்ல. 2012இல் வந்த டொயோட்டா ஜி.டி. 86 பின் சக்கரம் உந்தும் கார். ஆனால் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமமாக இருந்ததால் நான்கிலும் 215 மில்லிமீட்டர் டயர். அதுவும் பிரியஸ் என்ற சிக்கனக் காருக்குப் பொருத்தப்பட்ட அதே ரகம். பிடிப்பின் எல்லையைச் சாதாரண வேகத்திலேயே ஓட்டுநர் உணர வேண்டும் என்பது பொறியாளர்களின் விருப்பம். அகலத்தின் உச்சத்துக்குப் போன ஃபார்முலா 1 பந்தயமும் திரும்பிவருகிறது. 2017இல் பின் டயரை 325இலிருந்து 405 மில்லிமீட்டருக்குக் கூட்டினார்கள். 2026 விதிகளில் முன் டயரில் 25, பின் டயரில் 30 மில்லிமீட்டர் குறைத்திருக்கிறார்கள். அகல டயர் காற்றைக் கிழிக்கவும் கூடுதல் ஆற்றல் கேட்கும், எடையும் அதிகம்.

உண்மையிலேயே தேவைப்படும் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பவர்கள் அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 295/35, 20 அங்குலம் என்று எழுதியிருந்தால் அகலம் 295 மில்லிமீட்டர். சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், அதாவது 103 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 20 அங்குலம். மொத்த விட்டம் 714 மில்லிமீட்டர். கரேராவில் இது பின் டயர்; முன்னால் இருக்கும் 235/40, 19 அங்குல டயரின் விட்டம் 671. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கலைத்தால் ஏ.பி.எஸ்., சறுக்கல் தடுப்பு அமைப்புகள் குழம்பும். அவை சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் சறுக்கலைக் கண்டுபிடிக்கின்றன. நான்கு சக்கரமும் உந்தும் கார்களில் கிளட்சே சூடாகிப் பழுதாகலாம். அடுத்தது ரிம் அகலம். 295/35 டயருக்கு 10 முதல் 11.5 அங்குலம் வரை அனுமதி. கரேராவில் இருப்பது 11.5. ரிம் குறுகினால் டயர் நடுவில் புடைத்து, ஓரங்கள் சும்மா கிடக்கும். அகலத்துக்குக் கொடுத்த பணம் அங்கேயே வீண். மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது அச்சில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற அளவு. அது தவறினால் டயர் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும், அல்லது மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பேரிங்கைத் தின்னும். போர்ஷே தான் சோதித்து ஏற்ற டயர்களின் சுவரில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தையும் ஓர் எண்ணையும் பொறிக்கச் சொல்கிறது. ஒரே அளவு, ஒரே பெயர் என்றாலும் அந்த முத்திரை இல்லாத டயரின் உள்கட்டமைப்பு வேறாக இருக்கலாம்.

விளம்பரங்கள் தொடாத விஷயம் மழை. 1963இல் நாசா வெளியிட்ட ஹோர்ன், டிரெஹர் இருவரின் ஆய்வு, தேய்ந்த டயர் ஆழமான தண்ணீரின் மேல் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு எளிய சூத்திரம் தந்தது. 36 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துக்கு அது மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர். அந்தச் சூத்திரத்தில் அகலம் இல்லை. ஆனால் நடைமுறையில் அகலமும் குட்டையுமான தடத்துக்கு நெருக்கடி அதிகம்: ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும், அதற்குக் கிடைக்கும் நீளமோ 16 சென்டிமீட்டரிலிருந்து 8 ஆகச் சுருங்கிவிட்டது. போர்ஷே தன் காருக்கு 295 மில்லிமீட்டர் டயர் போட்டதோடு நிறுத்தவில்லை. முன் சக்கர வளைவுகளுக்குள் ஒலி உணரிகளை வைத்திருக்கிறது. டயர் தெறிக்கவிடும் தண்ணீரின் சத்தத்தை அவை கேட்டுச் சாலை ஈரம் என்று அறிந்ததும், மழைக்கான ஓட்டமுறைக்கு மாறும்படி ஓட்டுநருக்குச் செய்தி வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஆக்ஸிலரேட்டர் மெதுவாகப் பதில் சொல்லும், சறுக்கல் தடுப்பு முன்கூட்டியே தலையிடும்.